வரத்துக்காலில் தொடங்கும் வேலை

ஏரியைச் சீரமைக்கப் போகிறோம் என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் கையுறையும் மண்வெட்டியுமாகக் கிளம்பும் குழு முதலில் போய் நிற்பது பெரும்பாலும் ஏரிக்கரையில்தான். குப்பை கண்ணுக்குத் தெரிவது அங்கே. படம் எடுக்கத் தோதான இடமும் அதுவே. ஆனால் ஏரி பட்டுப்போன இடம் பல சமயங்களில் கரையிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டர் மேலே, யாருடைய வீட்டுமனைக்கோ சாலைக்கோ அடியில் இருக்கிறது. தமிழ்நாட்டின் நீர்நிலைகளிலும் கடற்கரையிலும் அலையாத்திக் காடுகளிலும் நடந்துள்ள மீட்புப் பணிகளில் எவை நிலைத்தன, எவை அடுத்த மழையோடு போயின என்று பார்த்தால், உழைப்பின் அளவு அதைத் தீர்மானித்ததாகத் தெரியவில்லை. அந்த இடம் உயிரோடிருக்க எது வந்து சேர வேண்டும், அது எங்கே தடைபட்டது என்று கண்டுபிடித்தவர்களின் வேலை நிலைத்திருக்கிறது. அதைப் பார்க்காமல் தோண்டியவர்கள் இன்னும் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள்.

ஏரியின் அமைப்பிலிருந்தே இதைப் புரிந்துகொள்ளலாம். தமிழ்நாட்டில் ஏறக்குறைய 39,000 ஏரிகள் இருப்பதாக அரசுக் கணக்கு சொல்கிறது. இவற்றில் பெரும்பாலானவை, சரிவான நிலத்தின் குறுக்கே பிறைவடிவில் கரை போட்டு, மேட்டிலிருந்து ஓடிவரும் மழைநீரை மறித்து நிறுத்தியவை. நீர்ப்பிடிப்புப் பகுதியிலிருந்து வரத்துக்கால் தண்ணீரைக் கொண்டுவருகிறது. மதகு அதை ஆயக்கட்டு வயல்களுக்கு, அதாவது அந்த ஏரியால் பாசனம் பெறும் நிலங்களுக்கு, விடுகிறது. ஏரி நிரம்பியதும் மிகுதி நீர் கலிங்கின் மேலே வழிந்து, போக்குக்கால் வழியாகப் போய் அடுத்த ஏரிக்கு வரத்தாகிறது. இப்படிப் பத்து, இருபது ஏரிகள் ஒரே சங்கிலியாகக் கோக்கப்பட்டிருக்கும்போது நடுவில் ஒரு கண்ணி அறுந்தால், கீழே உள்ள ஊர்களுக்குத் தண்ணீர் இல்லை. மேலே உள்ள ஊரில் வெள்ளம். 2015 டிசம்பரில் சென்னையின் புறநகர்கள் மூழ்கியபோது, பல தெருக்களில் வெள்ளம் ஓடியது பழைய கால்வாய்கள் இருந்த அதே தடத்தில்தான். தடத்தை மனிதர்கள் மறந்திருந்தார்கள், தண்ணீர் மறக்கவில்லை.

செங்கல்பட்டு மாவட்டத்தில் நான் மூன்று பருவங்கள் போய்வந்த ஓர் ஏரியில் இதை நேரில் பார்த்தேன். முதல் இரண்டு ஆண்டுகளும் கரையிலிருந்த குப்பையை அள்ளினோம், செடிகளை வெட்டினோம். நல்ல மழை பெய்தும் ஏரியில் முழங்காலளவுக்கு மேல் தண்ணீர் நிற்கவில்லை. மூன்றாம் ஆண்டு, யாரோ ஒருவர் சொன்ன யோசனையின்படி, வேலைக்கென்று வைத்திருந்த ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிட்டு, ஐப்பசியில் கனமழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு நாளில் குடையோடு வரத்துக்காலை ஒட்டி மேல்நோக்கி நடந்தோம். ஒன்றரைக் கிலோமீட்டரில் விடை கிடைத்தது. அகலப்படுத்தப்பட்ட சாலையின் கீழே இரண்டு சிமென்ட் குழாய்களைப் பதித்துச் சிறுபாலம் கட்டியிருந்தார்கள். குழாய்களின் அடிமட்டம் வாய்க்காலின் தரையைவிட ஒன்றரை அடி உயரத்தில் இருந்தது. வந்த தண்ணீர் அங்கே தேங்கி, திரும்பி, சாலையோரப் பள்ளத்தில் இறங்கி எங்கோ போய்க்கொண்டிருந்தது. குழாயின் வாயில் தேங்காய் மட்டை, பால் பாக்கெட்டுகள், உடைந்த தெர்மாகோல், பாதி மெத்தை. குப்பையை அன்றைக்கே இழுத்துப் போட்டுவிட்டோம். குழாயின் மட்டத்தை எங்களால் மாற்ற முடியாது, மாற்றவும் கூடாது. குழுவில் இருந்த கொத்தனார் ஒருவர், தளம் போடும்போது பயன்படுத்துகிற டியூப் லெவலை, அதாவது தண்ணீர் நிரப்பிய நீளமான, உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாயை, எடுத்துவந்து, ஆறு இடங்களில் உயர வேறுபாட்டை அளந்து கொடுத்தார். அந்த ஆறு எண்களோடு எழுதிய மனுதான், அதுவரை எழுதிய எல்லா மனுக்களையும்விட, அலுவலக மேசைகளைத் தாண்டிப் போனது. அதற்கும் பதினொரு மாதம் பிடித்தது என்பது வேறு விஷயம்.

தன்னார்வலர்கள் செய்யக்கூடிய வேலைகளில் பயன் மிகுந்ததும், ஆனால் யாரும் ஆர்வமாக முன்வராததும் இத்தகைய அளவையும் ஆவணத் தேடலும்தான். ஒவ்வோர் ஊருக்கும் கிராம வரைபடம் இருக்கிறது. ஒவ்வொரு புல எண்ணுக்கும் புலப்படம் இருக்கிறது. எந்த நிலம் வாய்க்கால் புறம்போக்கு, எது ஏரிப் புறம்போக்கு என்பதை ‘அ’ பதிவேடு சொல்கிறது. பிரிட்டிஷ் ஆட்சியில் 1880-களில் தொடங்கிய ஏரிச் சீரமைப்புத் திட்டத்தின்போது, ஏரிகளின் நீர்ப்பிடிப்புப் பரப்பு, கொள்ளளவு, கலிங்கின் நீளம், முழுநீர்மட்டம் ஆகியவற்றைக் குறித்துவைத்த பதிவேடுகள் தயாரிக்கப்பட்டன. நீர்வளத் துறையில் பழைய ஆட்கள் இன்றும் அவற்றை ‘டேங்க் மெமாயர்’ என்றே சொல்வார்கள். ஏரி எல்லைகளை அளந்து ஆக்கிரமிப்பை அகற்றுவதற்கென்று 2007-இல் தனிச் சட்டமும் இயற்றப்பட்டது. எந்த ஏரியும் யாருக்கும் சொந்தமில்லாத பொதுவெளி என்று எண்ணிக்கொண்டு பொக்லைனைக் கொண்டுபோய் இறக்கக் கூடாது. சில ஏரிகள் நீர்வளத் துறையிடமும், சில ஊராட்சியிடமோ மாநகராட்சியிடமோ, சில வனத்துறையிடமும் இருக்கின்றன. அனுமதி யாரிடமிருந்து என்பது தெரிவதற்குள்ளேயே பல குழுக்களின் முதல் உற்சாகம் வடிந்துவிடுகிறது.

இனித் தூர்வாருதல். நன்கொடையில் பெரும்பங்கு செலவாவது இதற்குத்தான், தவறு மிகுதியாக நடப்பதும் இதில்தான். தண்ணீர் மதகு வழியே தானாக வயலுக்குப் பாய வேண்டுமானால், அது மதகின் அடிமட்டத்துக்கு மேலே நிற்க வேண்டும். ஏரியின் தரையை அந்த மட்டத்துக்குக் கீழே எவ்வளவு ஆழமாகத் தோண்டினாலும், அங்கே நிற்கும் தண்ணீர் மதகுக்கு எட்டாது. கிணறுகளுக்கு ஊற்றாகலாம், கால்நடைகளுக்குக் குடிநீராகலாம். ஆயக்கட்டு விவசாயிக்கு அதனால் நேரடிப் பயனில்லை. மேலும், பல ஏரிகளின் அடியில் நுண்ணிய களிமண் படிந்து ஒரு பாய்போல் இருக்கும். அதைக் கிழித்துவிட்டால் தண்ணீர் தை பிறக்கும்வரைகூட நிற்காமல் இறங்கிப்போவதைப் பார்த்திருக்கிறேன். நிலத்தடி நீர் ஏறட்டும் என்றே வேண்டுமென்று அப்படிச் செய்கிற இடங்களும் உண்டு. எதற்காகத் தோண்டுகிறோம் என்பதை முதலில் முடிவுசெய்யாத வேலை இரண்டுக்கும் உதவாது. பழங்காலத்தில் இதற்கு வேறு விதமாக வழி கண்டிருந்தார்கள்: பாண்டிய நாட்டு ஏரிகளில் இன்றும் காணக்கிடைக்கும் குமிழித்தூம்பு என்ற பழைய மதகு, தண்ணீரோடு அடிச்சேற்றையும் சேர்த்து வெளியேற்றும்படி அமைக்கப்பட்டது. கோடையில் வண்டலை அள்ளி வயலுக்கு அடிப்பது விவசாயிகளின் வழக்கமாக இருந்தது. அனுமதி கிடைக்காமல் குறைந்துபோயிருந்த அந்த வழக்கத்துக்கு 2017-இல் அரசு விதியைத் தளர்த்தி மறுபடியும் இடம்கொடுத்தது. வண்டல் என்ற பெயரில் செங்கல் சூளைக்குப் போன லாரிகளையும் அந்த ஆண்டு ஊர்க்காரர்கள் எண்ணினார்கள்.

செடிகளை அகற்றுவதிலும் தெரிந்துகொள்ள வேண்டிய நுணுக்கங்கள் இருக்கின்றன. ஆகாயத்தாமரையின் எடையில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் தண்ணீர்தான். ஒருவர் ஒரு கை அள்ளித் தூக்கும்போதே தோள் இறங்கிவிடும். அதை ஓரத்தில் குவித்துவிட்டு வீட்டுக்குப் போனால், முதல் மழையில் அது மறுபடி ஏரிக்குள் மிதந்துவிடும். கரையைத் தாண்டி மேட்டில் பரப்பி, வேர் காயும்வரை வெயிலில் விட வேண்டும். ஊதாப் பூப்பூக்கும் நெய்வேலிக் காட்டாமணக்கு இன்னும் மோசம்: வெட்டிப்போட்ட ஒவ்வொரு தண்டுத் துண்டும் ஈரத்தில் வேர்விடும் என்பதால், அரைகுறையாக வெட்டுவது அதைப் பயிரிடுவதற்குச் சமம். சீமைக் கருவேலத்தை அகற்ற 2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டபோது மாநிலம் முழுவதும் மக்கள் அரிவாளோடு இறங்கினார்கள். அடியோடு தோண்டாமல் வெட்டிய இடங்களில் அடுத்த ஆண்டே அது முன்னிலும் அடர்த்தியாகத் துளிர்த்தது. ராமநாதபுரத்தில் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்களுக்கு அந்த மரமே வாழ்வு என்பதையும், அகற்றிய நிலத்தில் உடனே நாட்டு மரமோ புல்லோ வளர்க்காவிட்டால் வெற்றிடத்தை நிரப்புவதும் அதே விதைகள்தான் என்பதையும் அந்த உற்சாகத்தில் பலர் யோசிக்கவில்லை.

இந்த இடத்தில், ஊராரே ஏரியைப் பராமரித்த பழைய முறையான குடிமராமத்தைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. தன்னார்வ நீர்நிலைப் பணி எதுவாக இருந்தாலும் மேடையில் அந்தச் சொல் வந்துவிடுகிறது. உத்திரமேரூரில் பத்தாம் நூற்றாண்டிலேயே ஏரி வாரியம் இருந்ததைக் கல்வெட்டு சொல்கிறது. ஊரார் கூடி ஏரியைப் பராமரித்தது உண்மை. ஆனால் அது இன்று நாம் சொல்லும் பொருளில் தன்னார்வம் இல்லை. பராமரிப்பில் பங்கெடுப்பது கடமை. தண்ணீரில் உரிமை அந்தக் கடமையோடு கட்டப்பட்டிருந்தது. மதகைத் திறந்து மூடி வயல்தோறும் தண்ணீர் பாய்ச்சிய நீர்க்கட்டிகள் பல ஊர்களில் ஒடுக்கப்பட்ட சாதியினர். அவர்களுக்குக் கூலி களத்தில் அளக்கப்பட்ட நெல். கரை உடையும் அபாயத்தில் ஊராரைக் கட்டாயமாக வேலைக்கு இழுக்க 1858-இல் சென்னை மாகாணத்தில் சட்டமே போடப்பட்டது. அதைக் குடிமராமத்துச் சட்டம் என்றே குறிப்பிட்டார்கள். 2017-இல் மாநில அரசு அதே பெயரில் மறுபடி தொடங்கிய திட்டத்தில், பாசன விவசாயிகள் செலவில் பத்தில் ஒரு பங்கை உழைப்பாகவோ பொருளாகவோ பணமாகவோ தர வேண்டும் என்று வைத்தார்கள். எங்கெல்லாம் உண்மையான ஆயக்கட்டு விவசாயிகள் சங்கமாகக் கூடினார்களோ அங்கெல்லாம் அது நடந்தது. ஒப்பந்தக்காரரே விவசாயியின் பெயரில் வந்த இடங்களில் பலகை மட்டும் நிற்கிறது. பழைய முறையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு என்று நினைக்கிறேன்: ஏரி நிறைந்தால் யாருக்கு நேரடியாகப் பலன் உண்டோ அவர்கள் உள்ளே இல்லாத வேலை நீடிக்காது. நகரத்திலிருந்து வாரம் ஒருமுறை வரும் நாங்கள் ஏரியின் விருந்தாளிகள்.

பேராவூரணியில் நடந்தது இதற்கு நேர்ச்சான்று. 2018 நவம்பரில் கஜா புயல் காவிரியின் கடைமடைப் பகுதியில் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப்போட்ட பிறகு, அங்கத்து இளைஞர்களும் விவசாயிகளும் சேர்ந்து அமைத்த கடைமடைப் பகுதி ஒருங்கிணைந்த விவசாயிகள் சங்கம், சுருக்கமாகக் ‘கைஃபா’, அடுத்த ஆண்டு பேராவூரணிப் பெரியகுளத்தைத் தூர்வாரும் வேலையைக் கையிலெடுத்தது. தென்னை போன பிறகு மறுபடி பயிர் வைக்க வேண்டுமென்றால் தண்ணீர் வேண்டும். கல்லணைக் கால்வாயின் கடைசி முனையில் இருக்கும் அவர்களுக்குத் தண்ணீர் வந்து சேர்வதே அரிது. வரும்போது பிடித்துவைக்க ஏரி வேண்டும். டீசலுக்குப் பணம் உள்ளூரிலிருந்தும் வெளிநாட்டில் வேலைசெய்யும் ஊர்க்காரர்களிடமிருந்தும் வந்தது. பின்னர் அந்த அமைப்பு டெல்டாவுக்கு வெளியிலும் ஏரிகளைச் சீரமைக்கப் போனது. கோவையில் கதை வேறு மாதிரி. 2017-இல் பேரூர்ப் பெரியகுளத்தில் தொடங்கிய கோவை குளங்கள் பாதுகாப்பு அமைப்பினர் பெரும்பாலும் நகரவாசிகள். அவர்களின் பலம், ஞாயிறு தவறாமல் வருவது. நொய்யலிலிருந்து வெள்ளலூர்க் குளத்துக்கு வரும் வாய்க்கால் சீரான பிறகு, நெடுங்காலம் வறண்டு கிடந்த அந்தக் குளத்துக்குத் தண்ணீர் வந்தது. அதன் கரையில் அவர்கள் வளர்த்த காட்டில் பட்டாம்பூச்சிகளைக் கணக்கெடுக்கிறார்கள். அதே நகரத்தில் வேறு சில குளங்களின் கரைகளில் அழகுபடுத்தல் என்ற பெயரில் கல் பதித்து விளக்குப் போட்டதையும் பார்க்கலாம். நடைப்பயிற்சிக்கு நல்லதுதான். நாணலும் சேறும் இருந்த ஓரத்தில் இரை தேடிய பறவைக்கு அங்கே இறங்க இடமில்லை.

ஏரியில் வரத்துக்கால் என்றால், கழிமுகத்தில் அது அலைநீர். பிச்சாவரத்தில் பிரிட்டிஷ் காலத்தில் காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, முறைவைத்து முழுவதுமாக வெட்டி விற்றார்கள். மரம் போன திறந்த சேற்றுநிலம் வெயிலில் காய்ந்து உள்வாங்கித் தட்டுப்போல் குழிந்தது. உயர் ஓதத்தில், அதாவது கடல்மட்டம் ஏறும் நேரத்தில், உள்ளே வந்த உப்புநீர் வெளியேற வழியில்லாமல் அங்கேயே தேங்கி வற்றியது. உப்பு ஏறிக்கொண்டே போனது. அந்த மண்ணில் தானாக எதுவும் முளைக்கவில்லை, நட்டாலும் பிழைக்கவில்லை. 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் அருகிலுள்ள கிராமத்தினரும் சேர்ந்து செய்தது, மரம் நடுவதற்கு முன்னால் கால்வாய் வெட்டியது. மீன்முள் வடிவில் நடுவே ஒரு பெரிய வாய்க்காலும் அதிலிருந்து இருபுறமும் சாய்வாகப் பிரியும் சிறு வாய்க்கால்களுமாக வெட்டி, இயற்கையான உப்பங்கழியோடு இணைத்தார்கள். ஓதம் ஏறும்போது நீர் உள்ளே வந்தது, இறங்கும்போது உப்பைக் கழுவிக்கொண்டு வெளியேறியது. பிறகு வாய்க்கால் ஓரங்களில் நட்ட அலையாத்திக் கன்றுகள் பிழைத்தன. வாய்க்கால்களில் வண்டல் படிந்துகொண்டே இருக்கும். அவ்வப்போது அள்ளாவிட்டால் பழைய கதைதான். இது கூலி கொடுத்து நடந்த வேலை, தன்னார்வம் என்று சொல்ல முடியாது. ஆனால் ஆயிரம் கன்று, பத்தாயிரம் கன்று என்று எண்ணிக்கையை அறிவித்துக்கொண்டு கழிமுகத்துக்குப் போகும் ஒவ்வொரு குழுவும் முதலில் பார்க்க வேண்டிய பாடம் அங்கே இருக்கிறது. மரமே இல்லாத திறந்த சேற்றுவெளியில் கொண்டுபோய் சுரபுன்னை என்ற அலையாத்தி மரத்தை வரிசையாக நட்டால் பெரும்பாலும் அது சாகும். பிழைத்தால், வலசைவரும் உள்ளான்களின் மேய்ச்சல் நிலம் சாகும்.

சுனாமிக்குப் பிறகு கடற்கரையில் நடந்ததும் இந்த வகைத் தவறுதான். அலையைத் தடுக்கும் என்று மணல்மேடுகளின் மேலேயே சவுக்கை நெருக்கமாக நட்டார்கள். மணலைப் பிடித்து மேடாக்கும் வேலையை ஏற்கெனவே இராவணன் மீசைப் புல்லும் அடம்பங்கொடியும் செய்துகொண்டிருந்தன. சவுக்கின் நிழலில் அவை அழிந்தன. கடலாமைக்கு ஏறி முட்டையிடத் திறந்த மணல் குறைந்தது.

கடற்கரையில் நீண்டகாலத் தன்னார்வத்துக்குத் தமிழ்நாட்டில் எடுத்துக்காட்டு தேடினால் அது சென்னையில் கிடைக்கும். 1970-களில் சிலர் தொடங்கிய ஆமை நடையை 1988 முதல் மாணவர்களின் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு ஆண்டுதோறும் நடத்திவருகிறது. தை முதல் பங்குனி வரையான இரவுகளில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர்ப் பக்கம் ஈரமணலின் ஓரமாகவே நடந்து, பங்குனி ஆமை ஏறிய தடம் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். டிராக்டர் டயர் போனதுபோல் இருக்கும் தடத்தின் முடிவில், கலைந்த மணலை மெல்லிய கோலால் தொட்டுப் பார்ப்பார்கள். ஓரிடத்தில் கோல் எதிர்ப்பில்லாமல் இறங்கும். பிறகு கோலை வைத்துவிட்டுக் கையால் தோண்டுவார்கள். முழங்கை ஆழத்துக்குக் கீழே, கழுத்துக் குறுகிய குடம்போன்ற குழியில், பிங்பாங் பந்தளவில், ஈரமும் வெதுவெதுப்புமாக நூறுக்கும் மேற்பட்ட முட்டைகள். அவற்றைத் துணிப்பையில் எடுத்துப்போய், குஞ்சு பொரிப்பதற்கென்று வேலியிட்ட மணற்பரப்பில் அதே ஆழத்தில் அதே வடிவில் குழி தோண்டிப் புதைக்கிறார்கள். ஏறத்தாழ 45 நாள் கழித்துக் குஞ்சுகள் வெளிவரும். முட்டையை இடம்மாற்றுவது கடைசி வழிதான் என்பதை அவர்களே சொல்வார்கள். இந்தக் கரையில் தடைபட்டது இருட்டு. பொரிந்து வரும் குஞ்சு வெளிச்சமான அடிவானத்தை நோக்கி ஊர்ந்து கடலை அடைய வேண்டும். தெருவிளக்கும் உணவகங்களின் விளக்கும் அதைச் சாலைக்கு இழுக்கின்றன. விளக்கை அணைக்கச் சொல்லிக் கேட்கும் கடிதமும் ஒரு மீட்புப் பணிதான். 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் ஆமைகள் நூற்றுக்கணக்கில் இறந்து ஒதுங்கியபோது அதன் அளவு வெளியே தெரிந்ததற்கு, ஒவ்வோர் இரவும் நடந்து எண்ணிக்கொண்டிருந்தவர்கள் முக்கியக் காரணம். கரையை ஒட்டி விசைப்படகுகள் இழுவைமடி (இழுவை வலை) போடுவதைப் பற்றிய பேச்சு அந்த எண்ணிக்கையிலிருந்துதான் சூடுபிடித்தது.

எண்ணுவதை நான் இந்த வேலைகளில் மிக உயர்வாக மதிக்கிறேன். 2015 முதல் பொங்கல் விடுமுறையில் தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் நடத்தும் கணக்கெடுப்பில் எவரும் பதினைந்து நிமிடம் ஓர் ஏரிக்கரையில் நின்று பார்த்ததைப் பதியலாம். இதற்கு மண்வெட்டி வேண்டாம், அனுமதியும் வேண்டாம். வேடந்தாங்கலில் பறவைகளைச் சுட வந்தவர்களைப் பற்றி ஊர்மக்கள் முறையிட்டு, 1798-இல் ஆட்சியர் லயனல் பிளேஸிடம் பாதுகாப்பு ஆணை பெற்றதற்கு அடிப்படையும் பார்த்து அறிந்ததுதான்: நீரில் நிற்கும் கடப்ப மரங்களில் கூடு கட்டும் பறவைகளின் எச்சம் விழுந்த தண்ணீர் வயலுக்கு உரமாவதை அவர்கள் கண்டிருந்தார்கள். அந்த மரங்களை அன்றைக்கு யாராவது ஏரியைச் சுத்தம்செய்கிறேன் என்று வெட்டியிருந்தால் வேடந்தாங்கல் இல்லை.

எங்கள் ஏரிக்குத் திரும்புகிறேன். சிறுபாலத்தின் குழாய்களைத் துறையினர் எடுத்துவிட்டு, வாய்க்காலின் தரைமட்டத்துக்கே பெட்டி வடிவப் பாலம் கட்டிய ஆண்டில், கார்த்திகை இரண்டாம் வாரம் ஏரி நிரம்பி, கலிங்கு மறுகால் போனது. பார்க்க வந்த கூட்டத்தில் கீழூர்க்காரர் இரண்டு பேர் இருந்தார்கள். மறுகால் தண்ணீர் அவர்களுடைய ஏரிக்குப் போகாமல் புதிதாகப் போட்ட மனைப்பிரிவுக்குள் நுழைந்துவிட்டதென்று, கைபேசியில் எடுத்த படத்தைக் காட்டினார்கள். கொத்தனார் மறுநாள் காலை டியூப் லெவலோடு அங்கே போனார்.